ஒரு நொடியில் முடிந்த கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீயும் என் மகனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். அப்படி எடுத்துக்கொள்ளாவிட்டால் என் பேனா நகராது.

இந்தக் கடிதத்தில் வரப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லையென்றால் நடுவில் நானே வழி தவறிவிடுவேன்.

1. வீட்டு நிலவரம், உன் அத்தையின் முழங்கால்.
2. நீ அனுப்பிய படத்தில் எனக்கு உறுத்தியது.
3. அது எப்படி நேர்ந்திருக்கலாம் என்பதற்கு என்னிடம் உள்ள மூன்று விளக்கங்கள்.
4. நான் சந்தேகப்படும் ஆள்.
5. நான் நிச்சயப்படுத்திச் சொல்லும்வரை நீ யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது.

மெயிலில் எழுதாமல் தாளில் ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். உங்கள் ஆய்வுக்கூடத்து மெயிலைப் பராமரிப்பவர்கள் நினைத்தால் அதைப் படிக்கலாம். நினைப்பார்களா என்பது வேறு விஷயம். போனில் சொல்லலாம் என்றால், நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் நீ "சரிங்க மாமா, உடம்பப் பாத்துக்குங்க" என்று முடித்துவிடுவாய். உன் மேல் குற்றமில்லை, என் பேச்சு அந்த லட்சணம். உறையைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் டேப்பும் ஒட்டப்போகிறேன். உன் கைக்கு வரும்போது டேப் பிரிந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்து.

முதலாவது. அத்தையின் முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். அவர் முன்னால் ஒழுங்காகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்த் துணி உலர்த்தினாள். வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு டாக்டர்கள் மேல் உள்ள மரியாதை அவ்வளவுதான். சமையலறைக் குழாய் ஒழுகியது. குழாய்க்காரர் வந்து புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார். பழையதையே துடைத்துத் திருப்பி மாட்டிவிட்டாரோ என்று எனக்கு ஓர் எண்ணம். டார்ச் வைத்துக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தேன். "எழுந்திரிங்க. புதுக் குழாய் புடிக்கலன்னா சொல்லுங்க, பழையபடி ஒழுகட்டும்" என்றாள் அத்தை. குழாய் புதியதுதான் போலிருக்கிறது. அதன் திருகு மட்டும் பழையது என்பது என் கருத்து.

இதுவரை எழுதியது எளிது. இனிமேல்தான் கை தயங்குகிறது.

இரண்டாவது. போன வாரம் நீ படம் அனுப்பியிருந்தாய். மலைக்குள் இருக்கும் உங்கள் ஆய்வுக்கூடத்தின் பொது அறை. வெள்ளைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள். சுற்றிலும் உங்கள் ஆட்கள் கைதட்டுகிறார்கள். யாரோ ஒருவர் காகிதக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார். உங்கள் குழுத் தலைவர் பலகையின்மேல் சாய்ந்து நின்று சிரிக்கிறார். கீழே நீ எழுதியிருந்தாய்: "மாமா, ரெண்டு அறையும் ஒரே விடை. ஆறு இலக்கமும் ஒண்ணு. எங்களோடது ஓடி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. அவங்களோடது ஒரு நொடியில முடிஞ்சிருச்சு. பாருங்க."

நான் பதில் எழுதினேன்: "மிக்க மகிழ்ச்சி. வாழ்த்துகள். குளிரில் கவனமாக இரு."

அதை அனுப்பிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு தினமும் பார்க்கிறேன். கைதட்டுகிறவர்களை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு எண்களைத்தான் பார்க்கிறேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். ஒட்டுவதற்கு முன் அத்தை இதை வாசிப்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு துகளின் ஆயுளை அளக்கிறீர்கள். கருவியில் பதிவானது ஒன்றுதான். ஆனால் அதை ஆராய இரண்டு அறைகள், இரண்டு குழுக்கள். எந்தப் பதிவை எடுப்பது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு குழுவும் தானாகத் தீர்மானிக்கும். ஓர் அறை தன் எண்ணை மற்ற அறைக்குச் சொல்லக் கூடாது. சாப்பாட்டு மேசையில்கூடப் பேசக் கூடாது. கடைசிக் கணக்கை இரு குழுவும் எல்லோர் முன்னிலையிலும் ஒரே நாளில் ஓட்டும். அதுவரை தங்கள் விடை என்னவென்று தங்களுக்கே தெரியாது. ஆசை கணக்குக்குள் புகுந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அந்தக் கடைசிக் கணக்கு ஓடுவது நான் எழுதிய 'சல்லடை' என்ற புரோகிராமில்.

இரண்டு பேர் இரண்டு விதமாகப் பொறுக்கி எடுத்த பதிவுகளிலிருந்து வரும் விடைகள் முதல் நான்கு இலக்கங்களில் ஒத்துப்போனால் நானும் கைதட்டியிருப்பேன். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அவை கொஞ்சம் ஆட வேண்டும். ஆடுவதுதான் ஆரோக்கியம். ஆறும் ஒன்றாக இருந்தால் இரண்டு பேர் அளக்கவில்லை என்று அர்த்தம்.

இதை அத்தையிடம் விளக்க ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் அவள் சொன்னாள்: "இதுல என்ன விளங்காம இருக்கு? ராத்திரி டியூட்டி நர்சும் காலை டியூட்டி நர்சும் எல்லா நோயாளிக்கும் அச்சு மாறாம ஒரே காய்ச்சல் எழுதியிருந்தா, ஒருத்தி தெர்மாமீட்டர கையிலயே எடுக்கலன்னு அர்த்தம். நான் எத்தனை பேர அப்படி புடிச்சிருக்கேன்." பிறகு அவள் முகம் மாறியது. "எடுக்காதவ யாரு? நம்ம பொண்ணா, எதிர் அறையா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

மூன்றாவது. விளக்கங்கள்.

(அ) தற்செயல். இதை எழுதுவது பட்டியல் முழுமையாக இருக்க வேண்டுமே என்பதற்காகத்தான்.

(ஆ) ஓர் அறை மற்ற அறையின் எண்ணை எப்படியோ முன்கூட்டிப் பார்த்துத் தன்னுடையதைச் சரிக்கட்டியிருக்கலாம். உன் அறை என்று நான் சொல்லவில்லை. உன் அறை இல்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை. இந்த வரியைப் பார்த்ததும் அத்தை பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். "வீட்டுப் பொண்ணுக்கு எழுதற கடிதாசியா இது? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் எழுதக் கூசத்தான் செய்தது. ஆனால் நெருங்கியவர் என்பதற்காக ஒரு விளக்கத்தை விட்டுவிட்டால் மற்ற விளக்கங்களின் மதிப்பும் போய்விடும்.

(இ) சல்லடை இரண்டாவது தடவை கணக்கே போடவில்லை. முதல் அறைக்குக் கொடுத்த விடையை அப்படியே எடுத்து இரண்டாவது அறைக்கும் நீட்டிவிட்டது. அரை மணி நேர வேலை ஒரு நொடியில் முடிந்தது என்று நீ எழுதியிருந்தது இதற்குப் பொருந்துகிறது. அங்கே கூடியிருந்த இத்தனை இயற்பியல்காரர்களில் ஒருவருக்கும் அந்த ஒரு நொடி உறுத்தவில்லையா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. விடை பிடித்திருந்தால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை போலும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே இப்படி ஒரு விஷயத்தால்தான். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எங்கள் கூடத்தில் இருவர் ஒரே பதிவை இரண்டு புரோகிராம்களில் போட்டு இரண்டு விடை எடுத்தார்கள். பேராசிரியர் இரண்டையும் பார்த்தார். தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார். மற்றவருக்கு, இனிமேல் கவனமாக இருக்கும்படி அறிவுரை கிடைத்தது. எது சரி என்று யாரும் தேடவில்லை. அன்றிலிருந்து எனக்குத் துகள்களைவிட அவற்றை எண்ணும் புரோகிராமின் மேல்தான் கண். எங்கு ஓட்டினாலும், யார் ஓட்டினாலும், என்ன செய்தது என்பதைத் தானே சொல்லும் ஒன்றை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது ஓய்வு பெறும் வயது. உடன் படித்தவர்கள் கட்டுரைகள் எழுதினார்கள். நான் அந்தக் கட்டுரைகளுக்கு அடியில் தரை பூசிக்கொண்டிருந்தேன். "கொத்தனார் வரார்" என்பார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை உன்னிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நீயும் அதே வேலைக்கு இறங்கியபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். நிரந்தர வேலைக்கான நேர்முகத்தில் ஒருவர் உன்னைக் காட்டி, "இவங்க இதுவரைக்கும் என்னதான் கண்டுபிடிச்சாங்க?" என்று மற்றவரிடம் கேட்டார் என்றும், "மத்தவங்க கண்டுபிடிச்சது நிஜமான்னு கண்டுபிடிச்சேன் சார்" என்று நீ சொன்னாய் என்றும் மகன் எழுதியிருந்தான். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு வேலையைத் தள்ளிப்போட்டார்களாம். இந்த விடை வெளியானதும் அந்த இடம் உனக்குத்தான் என்று குழுத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் அறிவிப்பு. அதற்கு முன் எல்லோரும் கட்டுரையில் கையெழுத்திட வேண்டும். இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

நான்காவது. என் இடத்துக்கு வந்தவர். அவரை நான் மனத்துக்குள் 'வேகம்' என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். என் விடைபெறும் விழாவிலேயே அவர், "சார் கட்டுனது கோட்டை. ஆனா கோட்டைக்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிடுது" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். நானும் கைதட்டினேன். நான் போன பிறகு அவர் சல்லடையில் ஒரு பகுதி சேர்த்தார். ஒருமுறை போட்ட கணக்கை யாராவது திரும்பக் கேட்டால், மறுபடி போடாமல், எடுத்து வைத்திருக்கும் விடையைக் கொடுத்துவிடும். நேரம் மிச்சம். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரே கேள்விதான் திரும்பக் கேட்கப்படுகிறது என்று அது எப்படித் தெரிந்துகொள்கிறது என நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். முதல் தடவை "விரைவில் விளக்குகிறேன்" என்று பதில் வந்தது. இரண்டாவது தடவை ஒரு சிரிக்கும் முகம் வந்தது. ஒரு கேள்விக்குச் சிரிக்கும் முகத்தைப் பதிலாக அனுப்புகிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஐந்தாவது. நீ வாய் திறக்காதே. இப்போது நீ சொல்லி, பிறகு (அ) தான் சரி என்று ஆகிவிட்டால், உன்னைச் சந்தேகப் பிராணி என்று ஓரம் கட்டிவிடுவார்கள். மாமனாரிடமிருந்து தொற்றியது என்பார்கள். வேலை கைநழுவும். நான் சத்தமில்லாமல் விசாரித்து, முழுவதும் உறுதி செய்துகொண்டு உனக்கு எழுதுகிறேன். அதுவரை எதுவும் நடக்காததுபோல் இரு. என் வேலைக்காலம் முழுக்க நான் இப்படித்தான் இருந்தேன். எனக்குக் கெடுதல் ஒன்றும் வந்ததில்லை.

நாளை பழைய அலுவலகத்துக்குப் போகிறேன். மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

மறுநாள் மாலை.

போய் வந்தேன். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன், ஆனால் இன்று ஒழுங்கு கொஞ்சம் குலைந்திருக்கிறது.

வாயிலில் இருந்த காவலாளி புதியவர். "யாரப் பாக்கணும் பெரியவரே? மருந்துக் கடை பக்கத்துக் கட்டடம்" என்றார். அந்த வாயிலில் எத்தனையோ வருடம் நுழைந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. 'விருந்தினர்' என்று போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். வேகம் தாமே கீழே இறங்கி வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. "சார்! சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!" என்றார். சொல்லாமல் வந்ததே அதற்காகத்தான்.

இயந்திர அறைக்கு அடுத்த கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். என் மேசை இருந்த இடத்தில் ஒரு காபி இயந்திரம் இருக்கிறது. விசிறிகளின் இரைச்சல் மட்டும் மாறவில்லை. உடம்பு எப்படி, மழை எப்படி, சல்லடை எப்படி ஓடுகிறது, எடுத்து வைக்கும் பகுதி வசதியாக இருக்கிறதாமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "சார், நேராவே கேளுங்க. நீங்க சுத்தி வளைச்சா எனக்குப் பயமா இருக்கு. சர்வீஸ்ல இருக்கும்போதும் இப்படித்தான், மழையில ஆரம்பிச்சு என் தப்புல முடிப்பீங்க" என்றார்.

நேராகக் கேட்டேன். ஒரே கேள்வி என்று அது எதை வைத்து முடிவு செய்கிறது?

"ஃபைல் பேர வெச்சு சார்."

உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லையா?

"உள்ள பாக்கறதுக்கே ரொம்ப நேரமாகும் சார், அப்புறம் மிச்சம் என்ன இருக்கு? பேர்தான் ஒரே மாதிரி வராதே. நீங்கதான ரூல் போட்டீங்க, கருவி பேரு, பதிவு வருஷம், கணக்கு வகைன்னு. எல்லாரும் அப்படியே வெக்கறாங்க. பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்கு."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரே கருவி, ஒரே வருடம், ஒரே வகைக் கணக்கு. விதியைப் பிசகாமல் பின்பற்றும் இரண்டு அறைகள் தங்கள் கோப்புகளுக்கு ஒரே பெயரைத்தான் வைக்கும்.

வேகம் உடனே இரண்டு சிறு கோப்புகள் செய்தார். உள்ளே வேறு வேறு எண்கள், வெளியே ஒரே பெயர். முதலாவதை ஓட்டினார். சற்று நேரம் பிடித்தது. இரண்டாவதை ஓட்டினார். விரலை எடுப்பதற்குள் விடை வந்தது. அதே விடை.

அப்படியானால் (இ)தான். (ஆ)வை எழுதியதற்காக நீ என்னைத் திட்டலாம். அத்தை உன் சார்பில் ஏற்கெனவே திட்டிவிட்டாள்.

பழைய விடையைக் கொடுக்கும்போது அது எச்சரிக்காதா என்று கேட்டேன். "எச்சரிக்குதே சார்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நூற்றுக்கணக்கான எச்சரிக்கை வரிகளுக்கு நடுவில் அந்த ஒரு வரியும் இருந்தது. மற்றவையெல்லாம் நான் எழுதி வைத்தவை: கோப்பு பழையது, டிஸ்க்கில் இடம் குறைகிறது, சுழியத்துக்கு அருகில் ஓர் எண் வந்திருக்கிறது, இப்படி. "உங்க சல்லடை எதுக்கெடுத்தாலும் கத்தும் சார். கோவிச்சுக்காதீங்க. வாசல்ல நாய் இலை விழுந்தாலும் குரைச்சா திருடன் வரும்போது யாரு எழுந்து பாப்பா? எல்லாக் கூடத்துலயும் எச்சரிக்கைய அமுக்கிட்டுத்தான் ஓட்டறாங்க." நான் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் ஒன்று சொன்னார். "உங்க மருமக போன வாரம் போன் பண்ணாங்க சார். எடுத்து வெச்ச விடைய அணைச்சுட்டு இன்னொரு தடவை ஓட்ட முடியுமான்னு கேட்டாங்க. அந்த அனுமதி இங்கதான இருக்கு. எதுக்குங்க, உங்க மாமா எழுதுனதையே சந்தேகப்படறீங்களான்னு கேட்டேன். சும்மா வேடிக்கைக்குத்தான் சார் கேட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் வெச்சுட்டாங்க."

இதைக் கேட்டதும் என் புத்தி முதலில் போன இடத்தைச் சொன்னால் நீ வருந்துவாய், ஆனாலும் சொல்கிறேன். இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாள், வேலைக்காகத்தான் என்று நினைத்தேன். நேற்று உனக்கு நான் செய்யச் சொன்னதும் அதைத்தான் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும்போது வேகம் கூடவே வாயில் வரை வந்தார். "இன்னும் யார் யாருக்கு இப்படிப் போயிருக்குன்னே தெரியலயே சார்" என்றார். முகம் வெளிறியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்ச நாள் குடுங்க சார். சத்தமில்லாம சரி பண்ணிடறேன். நான் முழுசா உறுதி பண்ணிச் சொல்ற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க" என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எதிரில் ஒருவர் நின்று கேட்டால் எனக்குத் தலை அந்தப் பக்கம்தான் ஆடும்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சரி செய்கிறேன் என்பவரை ஏன் நம்ப வேண்டும்? சத்தமில்லாமல் சரி செய்தால் நாளை முதல் சல்லடை ஒழுங்காக ஓடும். நேற்றுவரை அது கொடுத்த விடைகளில் எது கணக்கு, எது கையில் கிடைத்ததை எடுத்து நீட்டியது என்று யாருக்கும் தெரியாமலே போகும். உங்கள் பலகையில் இருக்கும் அந்த இரண்டாவது எண்ணும் அங்கேயே இருக்கும். என்ன திட்டம் போடுகிறார் இந்த மனிதர் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே பார்த்தேன் என்பது புரிந்தது. என் கையெழுத்தில், இந்தக் கடிதத்தில்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நீ வேகத்தைக் கூப்பிட்டுக் கேட்டதைச் சொல்லி, ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று நான் குறைபட்டபோது மடிப்பதை நிறுத்தினாள்.

"என்னங்க, சந்தோஷமா இருக்கறவ யாராவது எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னா எழுதுவா? எனக்கு அனுப்பல. அவங்க அம்மாவுக்கு அனுப்பல. உங்களுக்கு அனுப்பி, பாருங்கன்னு எழுதியிருக்கா. உங்க புரோகிராம்ல ஓட்டை இருக்குன்னு மாமனார்கிட்ட அவ வேற எப்படிங்க கேப்பா? நீங்க என்னடான்னா வாழ்த்துகள், குளிர்ல கவனம்னு எழுதிட்டீங்க."

நான் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தேன். சரியாக மடியவில்லை, அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை.

முதலில், வேகத்துக்குப் போன் செய்தேன். நேற்றுத் தலையாட்டியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றும், உனக்கு எல்லாம் எழுதுகிறேன் என்றும், நீ உங்கள் தலைவரிடம் சொல்வாய் என்றும் சொன்னேன். நான் சொன்னது சரளமாக இல்லை, ஆனால் சொன்னேன். நான் சொன்னதை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி சார். வேணும்னா அந்த ரெண்டாவது அறை ஃபைல இப்பவே பழைய விடை இல்லாம ஓட்டிடறேன். என்ன வருதுன்னு உங்களுக்குச் சொல்றேன். தெரிஞ்சுக்கிட்டா அவங்களுக்கும் பேச தைரியமா இருக்கும்ல?" என்றார்.

வேண்டாம் என்றேன். உங்கள் விதிப்படி அந்த எண்ணை எல்லோர் முன்னிலையிலும்தான் திறக்க வேண்டும். நான் பார்த்துவிட்டால் என் கடிதத்தில் அது கசியும். 'பயப்படாதே' என்று நான் எழுதும் விதத்திலேயே விடை நல்லதா கெட்டதா என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆகவே எனக்குத் தெரியாது. உண்மையான இரண்டாவது விடை உங்களுடையதோடு நான்கு இலக்கத்துக்கு அழகாக ஒத்துப்போகலாம். முற்றிலும் வேறாகவும் வரலாம். அந்தத் தெரியாததைத்தான் நீ போய்ச் சொல்ல வேண்டும்: இரண்டாவது கணக்கு போடப்படவே இல்லை, என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, மறுபடி ஓட்டுவோம். அவ்வளவுதான். வேகம் அனுமதியைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டார் என்று எனக்கு இன்னும் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஓட்டும்போது இந்தத் தடவை எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

தலைவருக்குப் பிடிக்காது. கைதட்டியவர்களுக்கும் பிடிக்காது. எதிர் அறைக்காரர்கள், பொறாமை என்பார்கள். அந்த நேர்முக அறையில் சிரித்தவர் மறுபடி சிரிக்கலாம். வேலை தள்ளிப்போகலாம், போயே போகலாம். போகாது என்று எழுத ஆசைதான். ஆதாரம் இல்லாததால் எழுதவில்லை.

ஆனால் ஒன்று செய். யாராவது, உங்க மாமா எழுதினதையே சந்தேகப்படறீங்களா என்று கேட்டால் சிரித்து மழுப்பாதே. ஆமாம், அவரே முதலில் சந்தேகப்படுகிறார் என்று சொல். இந்தக் கடிதத்தின் மூன்றாம் பகுதியையும் மறுநாள் பகுதியையும் தலைவரிடம் காட்டு. (ஆ)வை மட்டும் மடித்துக்கொள்ளலாம் என்கிறாள் அத்தை. மடிக்க வேண்டாம், முழுவதும் காட்டு. என் முழுப் பெயரும் கையெழுத்தும் போட்ட தாள் ஒன்றையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். கட்டுரைகளில் என் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வழக்கம். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசைதான். இதில் முதல் ஆளாக என் பெயரைப் போடு. அது போதாதென்றால், கூப்பிடு, வண்டி ஏறி வருகிறேன். பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மகனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே சொல். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள் அத்தை. தூக்கம் வருகிறதா என்றும் கேட்கச் சொன்னாள். நீ அந்தப் படத்தை அனுப்பிய நாளிலிருந்து சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய் என்பது அவள் கணிப்பு. இந்த ஒரு கணிப்பையாவது நான் சந்தேகிக்கவில்லை. நீ தலை நிமிர்ந்து நன்றாக இரு அம்மா. எங்களுக்கு அது போதும்.

முதல் பக்கத்தில் இருக்கும் பட்டியலை அடித்துத் திருத்தவில்லை. அடித்துவிட்டால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாகிவிடும். இருக்கட்டும், அதையும் சேர்த்தே படி. ஐந்தாவதாக நான் எழுதியது தவறு.

உன் மாமா